ரெண்டாவது கியருக்கு ஒரு முட்டு

எஸ்டேட் கேட் கண்ணிலிருந்து மறைந்து வெகுநேரமாகியிருந்தது. தோளில் பை வழக்கத்தைவிடப் பெரிதாகத் தொங்கிக்கொண்டு வந்தது. உள்ளே கூடுதலாக எதுவும் இல்லை. கிளம்பும்போது சூப்பர்வைசர் எல்லாவற்றையும் உதறிக் காட்டச் சொன்னார். கைலி, போர்வை, சோப்பு டப்பா எல்லாவற்றையும் உதறிக் காட்டினேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவன் வெளியேறும்போது அது வழக்கம்தான், குறையாகச் சொல்லவில்லை. ஒரு காய்கூட விழவில்லை. விழாமல் போனதில் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. மறுபடி மடித்து அடுக்கப் பொறுமையில்லாமல் அள்ளித் திணித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பருவம் ஒரே இடத்தில் இருந்ததே எனக்கு அதிகம்.

போடிமெட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. பஸ்சுக்குக் கொடுக்கக் காசு இருந்தது, ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு மலையை நடந்தே இறங்கிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். டீக்கடைக்கு எதிரே ஒரு பழைய டீசல் ஜீப்பு நின்றது. அதைச் சுற்றி மூன்று பேர், மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒருவர் வாங்க வந்தவர். கீழே சிலமலை ஊர்க்காரர், விவசாயி, ஐம்பதை நெருங்கிய வயது. இன்னொருவன் அவருடைய மைத்துனன், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். போடியில் ஏதோ கடையில் இருந்தான். வண்டி என்றால் பைத்தியம் என்பது அவன் பேச்சைக் கொஞ்சம் கேட்டாலே தெரிந்துவிடும். மூன்றாவது ஆள் ஜீப்புக்காரர். எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். மலையிலேயே வாழ்ந்ததால் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருந்தது.

அவர்கள் எஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். விலை பேச வருகிறார்கள் என்று தெரிந்தால் ஜீப்புக்காரர்கள் முன்கூட்டியே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். தேய்ந்துபோன எஞ்சினும் சூட்டில் ஒரே திருகலில் கிளம்பிவிடும். அதனால் வாங்குபவன் வந்ததும் முதலில் பானட்டில் கை வைப்பான். மைத்துனன் வைத்திருக்கிறான், சுட்டிருக்கிறது. ஆறட்டும், அப்புறம் பேசுவோம் என்று டீ சொல்லிவிட்டான்.

நானும் ஒரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். பேச்சு நன்றாக இருந்தது. லிட்டருக்குப் பதின்மூன்று கொடுக்கிறது என்றார் ஜீப்புக்காரர். இறக்கம் பூராவும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து கணக்குச் சொல்லாதே, ஏற்றத்தில் என்ன கொடுக்கிறது என்றான் மைத்துனன். ஏற்றத்தில் மாடுகூடத்தான் அதிகம் தின்னும் என்றார் அவர். டர்போ வைத்த வண்டிக்கு இழுவை உண்டு, ஆனால் அது போய்விட்டால் வண்டி விலையில் பாதியைக் கேட்கும், இது டர்போ இல்லாத எஞ்சின், சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் எந்தக் காட்டிலும் பிரித்துப் பூட்டிவிடலாம் என்பது அவர் வாதம். மைத்துனன் ஆயில் குச்சியை உருவி, எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து முகர்ந்து பார்த்தான். கிலோமீட்டர் காட்டும் முள் அசையவே இல்லை. வயர் எப்போது அறுந்தது என்று கேட்டதற்கு, வாங்கும்போதே அப்படித்தான் என்று பதில் வந்தது. இந்த மலையில் எல்லா ஜீப்பிலும் அந்த வயர் வாங்கும்போதே அறுந்துதான் இருக்கும்.

சிலமலைக்காரர் அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்.

“பதினாலு பொம்பளையாளு ஏறுனா எறக்கத்துல நிக்குமா?”

“நிக்கும்ணே. நான் தினசரி ஏத்துறேன்ல?”

அவர் ஏன் அதையே கேட்கிறார் என்பது அவர்கள் பேச்சிலேயே புரிந்தது. கூட்டுக் கிணற்றில் தனக்கு இருந்த பங்கை விற்று இந்த வண்டியை வாங்கப் போகிறார். அந்தப் பங்கு போனால் அவர் நிலம் வானம் பார்த்த பூமிதான். மறுநாள் காலையில் பத்திரப் பதிவு. சிலமலையிலிருந்து ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போக ஆளெல்லாம் பேசிவைத்துவிட்டார். முதல் லோடில் அவர் மனைவியும் ஏறுவாள். அந்த அம்மாள் பல வருஷமாக மற்றவர்கள் ஜீப்பில் போய் வந்தவள்.

எஞ்சின் ஆறியது. இரண்டாவது திருகலில் கிளம்பியது. டீக்கிளாசைப் பானட்டின் மேல் வைத்துப் பார்த்தார்கள், நடுங்கியது, ஆனால் நகரவில்லை. அடுத்தது லோடு பார்ப்பது. அந்த மலைப் பக்கம் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து யாரும் ஜீப்பு வாங்க மாட்டார்கள். ஆள் ஏற்றி, மலை இறக்கித்தான் பார்ப்பார்கள். அந்த ஆட்களை விற்பவன் கூட்டி வரக் கூடாது, வாங்குபவன்தான் பொறுக்க வேண்டும். வேலை முடிந்து ஜீப்புக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பெண்களைச் சிலமலைக்காரர் கீழே முந்தல்வரை ஓசியில் வரச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ எந்த ஊருப்பு?”

சொன்னேன். அவர்கள் மூவருக்கும் தெரியாத ஊர். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஏறச் சொன்னார்.

ஜீப்புக்காரர் என் கால்களைப் பார்த்தார். அட்டைக்கடிக்காகக் கட்டியிருந்த சாக்குத் துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. எந்த எஸ்டேட், எத்தனை நாள் என்று விசாரித்தார். பிறகு, “நடுவுல கேறிக்கோ” என்றார். மைத்துனன் ஓட்டினான், நான் நடுவில், ஜீப்புக்காரர் கதவோரம். சிலமலைக்காரர் பின்னால் பெண்களோடு ஏறிக்கொண்டார். ஆக்சில் சத்தம் அங்கேதான் கேட்கும், புகையின் நிறமும் அங்கிருந்துதான் தெரியும்.

வண்டி இறங்கியது. மைத்துனன் நன்றாக ஓட்டினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை நம்பாமல் ரெண்டாவது கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்தான். பின்னால் ஒருத்தி, ஓசிச் சவாரி என்றாலும் எலும்பு எங்களுடையதுதானே என்றாள். இன்னொருத்தி, சீட்டுக்குள் பஞ்சு இருந்த காலத்தில் நான் வயசுக்கே வரவில்லை என்றாள். சிலமலைக்காரரும் சிரித்தது கேட்டது. பனி விலகி, கீழே சமவெளி தெரிய ஆரம்பித்தது. காதுக்குள் சூடு ஏறியது.

நடுவழியில் ஒரு வளைவில், எதிரே லாரி ஏறி வந்ததால் ஓரங்கட்டி நிறுத்தினோம். மைத்துனன் சக்கரம் பார்க்க இறங்கினான். அந்த ஜீப்பின் வலது கதவு உள்ளிருந்து திறக்காது. கையை வெளியே விட்டு வெளிப்பிடியை மேலே தூக்க வேண்டும். பழைய ஜீப்பு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குணம் இருக்கும், உடமைக்காரனுக்குத்தான் தெரியும். அவன் உள்பிடியைத் தொடக்கூட இல்லை. பேச்சை நிறுத்தாமலே கையை வெளியே விட்டுத் தூக்கி இறங்கினான். அன்றுதான் முதல்முறை இந்த வண்டியைப் பார்ப்பதாக டீக்கடையில் சொன்னவன். எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

முந்தலில் எல்லோரும் இறங்கினோம். பெண்கள் வேறு வண்டி பார்த்துப் போய்விட்டார்கள். சிலமலைக்காரர் ஜீப்பைச் சுற்றி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“மாப்ளே, ஆக்சில்ல ஒரு சத்தமில்ல. ரெண்டாவது கியரு கல்லு மாதிரி நிக்குதுடா.”

“நான்தான் சொன்னேன்ல மச்சான். நாளைக்குப் பத்திரத்த முடிங்க, சாயந்தரம் வண்டி நம்ம வீட்டுல நிக்கும்.”

எனக்கு வலது தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. கைலியை விலக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு உள்பக்கம் கியர்க் கம்பி அழுந்திய தடம், சிவந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, மலை இறங்கி முடிக்கும்வரை அந்தக் கம்பியை நான் முட்டுக் கொடுத்துப் பிடித்து வந்திருக்கிறேன்.

மேலே எல்லா ஜீப்பிலும் இது நடப்பதுதான். வருஷக்கணக்கில் லோடோடு இறங்கிய வண்டிகளில் ரெண்டாவது கியர் தேய்ந்துவிடும். ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும்போது கம்பி தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். பிறகு பிரேக்கு ஒன்றுதான் துணை. அதனால் நடுவில் உட்காருகிறவன் முழங்காலால் கம்பியை அழுத்திக்கொள்வான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்தால் கால் அங்கே போய்விடும். இரண்டு பருவமும் காலையும் மாலையும் எஸ்டேட் ஜீப்பில் எனக்கு நடு சீட்டுத்தான். அதை ஒரு கோளாறு என்றே அங்கே எவரும் நினைப்பதில்லை. சிலமலைக்காரர் டிராக்டர் ஓட்டியவர், அவருக்கு இது தெரிய நியாயமில்லை.

சொல்லாமல் போயிருக்கலாம். போடிவரை கொண்டுபோய் விடுவதாக ஜீப்புக்காரர் சொல்லியிருந்தார். பசி வேறு. ஆனால் அந்த மனுஷர் பானட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, கியரு நிக்கல. நான் முட்டுக் குடுத்திருந்தேன்” என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வித்தியாசமே இல்லை. முதலில் பேசியவன் மைத்துனன்.

“யாரு அனுப்புன ஆளு நீ? வேற எவனோ இந்த வண்டியக் கேட்டிருக்கான். வெலையக் கொறைக்க ஆளு விட்டுருக்கான் மச்சான்.”

ஜீப்புக்காரர் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார். “முட்டுக் குடுக்காம எறங்குற ஜீப்பு இந்த மலையில ஏதுண்ணே? கியரப் பிடிக்கிற ஸ்பிரிங்கு ஒண்ணு போயிருக்கு, அவ்வளவுதான். மாத்துனா மதி, போதும்.”

சிலமலைக்காரர் என் முழங்காலைக் குனிந்து பார்த்தார்.

“மொதல்லயே ஏன் சொல்லல?”

“தெரியலண்ணே. காலு தானாப் போயிருச்சு.”

“தானாப் போகுமா?”

அதற்கு மேல் என்ன சொல்வது? எனக்கே அது கதை விடுவது மாதிரிதான் இருந்தது. நடுவில் உட்கார வைத்தது ஜீப்புக்காரர். என் காலில் இருந்த சாக்கைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ஓட்டியவனுக்கு ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் என் முழங்கால் கையில் இடித்திருக்கும். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அவன் கதவைத் திறந்த விதத்தையும் சொல்லவில்லை. சொந்தத்துக்குள் புகுந்து பேசுகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

சிலமலைக்காரர் மறுபடி வண்டியை மேலே ஏற்றச் சொன்னார். இந்த முறை அவரே நடுவில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். ஜீப்புக்காரர் முந்தலிலேயே நின்றுவிட்டார். நான் பின்னால். நாலைந்து வளைவு ஏறித் திரும்பி இறங்கினோம். இரண்டாவது வளைவில் ‘தடக்’ என்று ஒரு சத்தம். கம்பி துள்ளி நடுவுக்கு வந்தது. எஞ்சின் சத்தம் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி உருண்டது. மைத்துனன் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்தான். குட்டைச் சுவரை ஒட்டி நின்றோம். என் பை உருண்டு போய் முன்சீட்டில் முட்டிக் கிடந்தது.

சிலமலைக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னால ஒங்கக்கா உக்காந்திருப்பாடா” என்றார். மைத்துனன் கம்பியை மறுபடி ரெண்டாவதில் தள்ளினான்.

முந்தலுக்கு வந்ததும் அவர் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பெண்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், வேறு ஜீப்பு இந்த விலைக்குக் கிடைக்காது. ஸ்பிரிங் மட்டும் என்றால் அது சின்னச் செலவு, வாங்கிவிடலாம். கியரே தேய்ந்திருந்தால் கைக்கு அடங்காத செலவு, வண்டியும் வேண்டாம், கிணற்றையும் விற்க வேண்டாம். கியர்பாக்சைத் திறந்தால்தான் தெரியும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் தெரிய வேண்டும். ஸ்பிரிங்தானே, திறந்து பாருங்கள், திறக்கும் கூலி என்னுடையது என்று ஜீப்புக்காரரும் ஒப்புக்கொண்டார்.

எந்தப் பட்டறையில் திறப்பது என்பதில் அடுத்த சண்டை வந்தது. மைத்துனன் ஒரு பட்டறையைச் சொன்னான். அங்கே நல்ல கியரை எடுத்து ஒளித்துவிட்டுத் தேய்ந்ததைக் காட்டி விலை குறைப்பார்கள் என்றார் ஜீப்புக்காரர். அவர் ஒன்றைச் சொன்னார். அங்கே தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பிரிங்கைக் காட்டுவார்கள் என்றார் சிலமலைக்காரர். கடைசியில் மூவருமே இதுவரை போகாத ஒரு பட்டறை என்று முடிவானது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டுமே? ஜீப்புக்காரர் காலையில் வேறொருவர் வண்டியைக் கூலிக்கு ஓட்ட வேண்டும். சிலமலைக்காரர் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். நான் இருக்கேன் மச்சான் என்றான் மைத்துனன்.

“நீ வேணாம்” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “இவன் உக்காரட்டும்” என்றார்.

“இவனையா? இவன யாருன்னு தெரியும்?”

“தெரியாது. எனக்கும் ஆகாதவன், ஜீப்பு அண்ணாச்சிக்கும் ஆகாதவன். அதான்.”

ஜீப்புக்காரர் சிரித்துவிட்டார். சரி என்றார். ஒரு நாள் கூலியை ஆளுக்குப் பாதி தருவதாகப் பேச்சு. இரண்டு பேருமே நம்பாத ஆளாக இருந்ததால் கிடைத்த வேலை. நான் இதற்கு முன் பார்த்த வேலைகளுக்கு இவ்வளவு தகுதிகூடக் கேட்டதில்லை.

அன்றிரவு போடி பஸ் நிலையத்தில் படுத்துவிட்டு, காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனேன். வண்டியை ஏற்கெனவே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மெக்கானிக் குள்ளமான ஆள், வெற்றிலைக்காரர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டதும், வீட்டில் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இரு என்று ஒரு காலி டயரைக் காட்டினார். நான் டயரில் உட்காரவில்லை. வண்டிக்கடியில் அவர் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். அவர் கழற்றிய ஒவ்வொன்றையும் கண்ணால் வாங்கி, கையால் வாங்கி, தகரத் தட்டில் வரிசையாக வைத்தேன். கழுவுகிற சாக்கில் மாற்றிவிடுவார்களோ என்று எதையும் மண்ணெண்ணெயில் போட விடவில்லை.

ஒன்பதரைக்கு மைத்துனன் வந்தான். பார்சல் டீயும் வடையும் வாங்கி வந்திருந்தான். நேற்றுப் பேசியதற்கு வருத்தம் என்றான், அண்ணே என்று கூப்பிட்டான்.

“போய் வெளிய உக்காந்து சாப்டு வாங்கண்ணே. செத்த நேரம் நான் பாத்துக்கிறேன்.”

வடையின் மணம் என்னைக் கிறங்க வைத்தது. இங்கேயே வையுங்கள், வேலை முடிந்ததும் சாப்பிடுகிறேன் என்றேன். அவன் மெக்கானிக்கிடம் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தான். பிறகு வெளியே நின்று யாருக்கோ போன் போட்டான். பத்து மணிக்கு ஸ்பிரிங் வெளியே வந்தது, இரண்டாக உடைந்திருந்தது. பார்த்தியா, அவ்வளவுதான் விஷயம் என்றார் மெக்கானிக். மேலே மூடிவிடலாமா என்று கேட்டார். கியரையும் எடுங்கள் என்றேன். அதற்குத் தனிக் கூலி என்றார். எடுங்கள் என்றேன்.

எடுத்தார். எனக்குக் கியரைப் பற்றி என்ன தெரியும்? எட்டாவதோடு படிப்பு முடிந்தவன். அலமாரியில் இருந்த புதுக் கியர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் பல் நுனி கையைக் கிழிக்கிற மாதிரி இருந்தது. இதில் எல்லாப் பல்லும் ஒரே பக்கமாக வழுக்கி, ஆற்றுக்கல் போல உருண்டிருந்தன. மெக்கானிக் வெற்றிலையைத் துப்பப் போனார்.

சிலமலைக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் கூட்டச் சத்தம், யாரோ பேர் கூப்பிடும் சத்தம்.

“ஸ்பிரிங்கு மட்டும்தானாப்பு?”

“ரெண்டும்தாண்ணே. கியரு தேஞ்சு போச்சு. கையில வச்சிருக்கேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ள அங்க வந்தானா?”

“வந்தாரு.”

“டீ வாங்கிக் குடுத்தானா?”

“குடுத்தாரு.”

“குடிச்சியா?”

“இல்லண்ணே.”

“எம் பேரத்தான் கூப்புடுறாக. நான் எந்திரிச்சு வர்றேன். அதக் கீழ வைக்காத.”

மைத்துனன் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கியரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.